ஐந்து கிளிப் மேஸ்திரி

“இனிமே என் ஆயுசுல ஒரு வரி புரோகிராம்கூட என் கையால எழுத மாட்டேன். எழுதினேன்னா என் பேரையே மாத்தி வெச்சுக்கறேன்!”

இந்த மாபெரும் பிரகடனம் வெளியானது ஓர் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில், தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்துக்கும் கேக் வைத்திருந்த மேசைக்கும் நடுவில். பிரகடனம் செய்தவருக்கு வயது நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடம் அதே மாடியில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர். அன்றோடு வேலையை விடுகிறார். பிரிவுபசாரத்துக்கு வந்திருந்த இருபத்தொரு பேரும் கை தட்டினார்கள். அதில் பாதிப் பேர், பேச்சு முடிந்தது, இனி கேக் வெட்டுவார்கள் என்ற நிம்மதியில் தட்டியவர்கள். ஆனால் வரலாறு கைதட்டலைத் தரம் பிரிப்பதில்லை.

“நீ எழுதலேன்னா வேற யாரு எழுதுவா?” என்று பக்கத்து நாற்காலி நண்பர் கேட்டார்.

“அஞ்சு ஏஐ வெச்சிருக்கேன்ல? அஞ்சும் ஒரே நேரத்துல எழுதும். நான் நின்னுக்கிட்டு மேல்பார்வை பாப்பேன்.”

“ஓ, மேஸ்திரி வேலையா?”

அவ்வளவுதான். சபதத்தை மீறினால் பேரை மாற்றிக்கொள்வதாகச் சொன்ன மனிதருக்கு, சபதம் செய்து ஒரு நிமிடம் ஆவதற்குள் பேர் போய்விட்டது. அன்றிலிருந்து நண்பர்கள், காய்கறிக் கடைக்காரர், கோபமில்லாத நாட்களில் மனைவி, எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான். அவருடைய சொந்தப் பெயர் மின்சார பில்லிலும் இன்னும் ஓர் இடத்திலும் மட்டுமே உயிரோடிருக்கிறது. அந்த இன்னோர் இடம் இந்தச் சரித்திரத்தின் கடைசியில் வரும்.

மேலாளர் மட்டும் கை தட்டவில்லை. கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, “உங்க ஜன்னலோர நாற்காலி ஆறு மாசத்துக்கு அப்படியே இருக்கும். யாரையும் உக்கார வைக்க மாட்டேன்” என்றார். கூடவே ஒரு சிரிப்பு. மேஸ்திரி அடுத்த ஆறு மாதத்தில் பல தடவை காரணமில்லாமல் பல்லைக் கடித்ததற்குக் காரணம் அந்தச் சிரிப்புதான்.

இவ்வளவு பெரிய துறவுக்கு அவர் எப்படித் தயாரானார் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இயல்பில் அவர் பிறர் கையை நம்புகிறவரே இல்லை. யாராவது சாத்திய கதவை ஒருமுறை திறந்து, தானே மறுபடி சாத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அலுவலகத்தில் சக ஊழியர்கள் எழுதிய புரோகிராமை அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் திருத்தி வைத்து, திரும்பி வந்தவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை, சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு வேலையை ஏஐயிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றார். ஞானம் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

பிறகு ஒரு சந்தேகம். அது வேலை செய்யும்போது நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்? இன்னொன்றைத் திறந்தார். அந்த இரண்டும் வேலை செய்யும்போது? மூன்றாவது. ஆறாவதைத் திறந்த அன்று கணினியின் மின்விசிறி அலறியது. அதைக் கேட்டு மனைவியும் அலறினார். ஐந்தோடு நின்றது.

தலைமைச் செயலகம் வீட்டின் இஸ்திரி அறை. அகலத்தில் ஆறடி, ஒரு ஜன்னல், அதற்கு வெளியே துணி காயும் கொடி. இஸ்திரிப் பலகையே மேசை; உயரத்தை ஏற்றி வைத்து அதன்மேல் இரண்டு திரைகள். அதன் பின்னால் அவர் நின்றபடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே உத்தரவு போடுவார். சபதம் சபதம்தானே? கீபோர்டைத் தொடக்கூட மாட்டார். அது இஸ்திரிப் பெட்டி வைக்கும் தட்டில், பழைய தலையணை உறைக்குள் கிடந்தது.

ஐந்து உதவியாளர்களுக்கும் அவரே பெயர் சூட்டினார். சொல்லி முடிக்கும் முன்பே ஓடுகிறவன் அவசரக்குடுக்கை. எதைச் சொன்னாலும் ‘அருமையான யோசனை’ என்று தொடங்குகிறவன் ஆமாஞ்சாமி. எதையும் தொடுவதற்கு முன் ஏழு கேள்வி கேட்பவன் சந்தேகப்பிராணி. செய்தது அரைப்பக்கம் என்றால் அதைப் பற்றிப் பத்துப் பக்கம் அறிக்கை தருகிறவன் கடுதாசி. ஐந்தாவது மௌனி, அவன் யோசிக்கிறானா, மாட்டிக்கொண்டு நிற்கிறானா என்று மேஸ்திரிக்குக் கடைசிவரை தெரியாது. அவனிடம்தான் அவருக்கு மரியாதை அதிகம்.

ஒவ்வொருவனுக்கும் மொத்தப் புரோகிராமின் ஒரு தனிப் பிரதி. அவனவன் தன் பிரதியில்தான் இடிப்பான், கட்டுவான். மற்றவன் என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது கடுதாசியின் பொறுப்பு.

யாருக்கு என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள மேஸ்திரி ஓர் உபாயம் கண்டுபிடித்தார். துணி கிளிப். ஐந்து பேருக்கு ஐந்து நிறம். வேலை கொடுத்துவிட்டால் அவனுடைய கிளிப் திரையின் விளிம்பில் ஏறும். வேலை முடிந்து அவன் பதிலுக்குக் காத்திருந்தால் கிளிப் மேஸ்திரியின் சட்டைக் காலருக்கு வரும். காலரில் எத்தனை கிளிப்போ அத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்று கிளிப்போடு அவர் காய்கறிக் கடைக்குப் போன நாளில், கடைக்காரர் தன் மனைவியிடம், “பாவம், வேலை போனதுலேர்ந்து இப்படித்தான்” என்று சொன்னது அவர் காதில் விழாமல் போனது நல்லதாயிற்று.

மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேர் அவர் வசம். கணவருடைய ஐந்து பேர் சாம்ராஜ்யத்தை அவர் அடக்கமான புன்னகையோடு பார்த்து வந்தார்.

“அஞ்சு பேரையும் ஒரே நேரத்துல மேய்க்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?” என்பார் மேஸ்திரி.

“உங்க அஞ்சு பேருல யாருக்காவது மூக்கு ஒழுகுதா?”

“இல்ல.”

“யாராவது யாரையாவது கடிச்சாங்களா?”

“இல்ல.”

“அப்ப சாப்பிட வாங்க.”

ஆறு மாதத்தில் மேஸ்திரிக்குக் கிடைத்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர். இரண்டு தெரு தள்ளி மிருக வைத்தியசாலை நடத்தும் டாக்டரம்மா. நாய், பூனை, மற்ற ஜீவராசிகளுக்கு எந்த நாளில் எந்த நேரம் என்று பதிந்துகொண்டு, உரியவருக்கு இரண்டு நாள் முன்பாகவே ‘உங்கள் முறை இந்தக் கிழமை’ என்று மெசேஜ் அனுப்பும் புரோகிராம். அதுவரை அந்த வேலையைச் செய்தது ஒரு நீள நோட்டு. அதை ஆண்டு வந்தவர் வரவேற்பு மேசையில் உட்காரும் அம்மாள். ஊரார் வைத்த பெயர் நோட்டம்மா. பூனைக்குச் சிவப்பு மை, நாய்க்கு நீலம், கிளி முயல் வகையறாவுக்குப் பச்சை. பன்னிரண்டு வருடமாக ஒரு பூனைகூட நாய் வரிசையில் ஏறியதில்லை.

டாக்டரம்மாவின் நிபந்தனை எளிது. ஒரு மாதம் பார்ப்பார். மாதம் முடியும் திங்கட்கிழமை முடிவு சொல்வார். சரி என்றால் அவருடன் படித்த இன்னும் மூன்று டாக்டர்களும் இதையே வைத்துக்கொள்வார்கள். மேஸ்திரி ஒரு தொழிலுக்குச் சொந்தக்காரர். வேண்டாம் என்றால் நோட்டு திரும்பும். மேலாளர் சொன்ன ஆறு மாதமும் அந்த வாரத்தோடு முடிகிறது. ஜன்னலோர நாற்காலி காத்திருந்தது, அந்தச் சிரிப்பும்.

முந்தின சனிக்கிழமை காலையில் நோட்டம்மாவின் போன் வந்தது.

“சார், ஒரு பூனைக்காரம்மா நேத்தே வந்து கூண்டோட உக்காந்துட்டாங்க.”

“அவங்களுக்கு இன்னிக்குத்தானே?”

“என் நோட்டுல இன்னிக்குத்தான். உங்க மெசேஜ்ல நேத்து.”

“நோட்டா? நோட்ட மூடியாச்சுன்னு சொன்னீங்களே!”

“மூடித்தான் சார் வெச்சிருக்கேன். எழுதறப்ப மட்டும் தொறப்பேன்.”

“பத்து நிமிஷம்மா. பத்தே நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

வியாழக்கிழமை செய்த ஏதோ ஒரு மாற்றத்தில், புரோகிராம் நாட்களை எண்ணும்போது ஒரு நாளை விழுங்கியிருந்தது. அற்பப் பிழை. எங்கோ ஓரிடத்தில் ஒன்று கூட்டினால் போதும். பழைய மேஸ்திரியாக இருந்தால் தும்மல் போடும் நேரத்தில் எழுதியிருப்பார். புதிய மேஸ்திரி சபதக்காரர். நேரே இஸ்திரி அறைக்குப் போய்த் திரை முன் நின்றார். நின்றவர் திகைத்தார்.

கிளிப்புகள் இல்லை. ஐந்தும் இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தால், கொடியில் இருபத்து நான்கு குட்டி ஏப்ரன்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வர்ணம் பூசும்போது மாட்டிக்கொள்பவை. மனைவி துவைக்கக் கொண்டுவந்தவை.

“என் கிளிப்பெல்லாம் எங்க?”

“அஞ்சு குறைஞ்சுது. அங்க சும்மாதானே தொங்கிட்டு இருந்துச்சு?” என்றார் மனைவி, வாயில் ஒரு கிளிப்போடு.

“சும்மாவா! அது ஒரு நிர்வாக முறை!”

“காஞ்சதும் உங்க நிர்வாகத்த திருப்பித் தரேன்.”

சரி, ஒரு காலைப்பொழுது கிளிப் இல்லாமல் சமாளிக்க முடியாதா? மேஸ்திரி அவசரக்குடுக்கையிடம் புகாரைச் சொன்னார். வாசல் மணி அடித்தது. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் ஐந்து பேரின் ஜன்னல்களிலும் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரிடம் சொன்னோம்? காலரைத் தடவினார், வெறும் காலர். ஆமாஞ்சாமியிடம் இன்னொரு தடவை சொன்னார். ‘அருமையான யோசனை’ என்றான் அவன். அப்போது மகள் வந்தாள். எட்டாம் வகுப்பு. சதவீதக் கணக்கு வரவில்லை என்றாள். சதவீதம் முடிந்து திரும்பியபோது மேஸ்திரிக்கு மறுபடி அதே சந்தேகம். சந்தேகம் என்றதும் அவர் கண் சந்தேகப்பிராணி மேல் விழுந்தது, அவனிடமும் சொன்னார். அதிசயமாக அன்றைக்கு அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் மூன்று ஜன்னல்களில் ‘முடிந்தது’ என்று வந்தது. எது முடிந்தது என்று விசாரிப்பது உழைப்பாளிகளை அவமதிப்பது என்பது மேஸ்திரியின் கொள்கை. சந்தோஷமாகத் தலையாட்டினார்.

நடந்தது இதுதான். உதாரணத்துக்கு, ஒரு வீட்டில் கடிகாரம் பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது. கணவர் பார்த்து, பத்து நிமிடம் தள்ளி வைக்கிறார். மனைவி வந்து, அது மெதுவாக ஓடுவது ஞாபகம் வந்து, பத்து நிமிடம் தள்ளுகிறார். மாமியாரும் தன் கடமையைச் செய்கிறார். மூன்று பேர் செய்ததும் சரிதான். வீடே இருபது நிமிடம் முன்னால் போய் நிற்கிறது. அவ்வாறே, புரோகிராம் தேதியை எடுக்கும் இடத்தில் அவசரக்குடுக்கை ஒரு நாள் கூட்டினான். தேதியைக் கிழமையாக மாற்றும் இடத்தில் ஆமாஞ்சாமி ஒரு நாள். கிழமையை மெசேஜில் எழுதும் இடத்தில் சந்தேகப்பிராணி ஒரு நாள். அவனவன் பிரதியில் அவனவன் சோதித்தான், அவனவன் தேறினான்.

மூன்றையும் சேர்த்த கடுதாசிக்கு விஷயம் தெரிந்தது. சோதனையில், திங்கள் என்று வர வேண்டிய இடத்தில் புதன் வந்தது. கடுதாசி சிந்தித்தான். மூன்று பேர் தனித்தனியாக ஒரே திருத்தம் செய்திருக்கிறார்கள் என்றால் அதில் ஆழ்ந்த நோக்கம் இருக்க வேண்டும்; எனவே தவறு சோதனையில்தான். சோதனையின் விடையில் ‘திங்கள்’ என்றிருந்ததை ‘புதன்’ என்று திருத்தினான். எல்லாம் தேறியது. இதை அவன் மறைக்கவும் இல்லை. பதினான்கு பக்க அறிக்கையில் பதினோராம் பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தான். மேஸ்திரி முதல் பக்கத்தின் முதல் வரியை வாசித்தார்: ‘எல்லாச் சோதனைகளும் வெற்றி.’ நோட்டம்மாவுக்குப் போன் போட்டு, “ஆச்சும்மா!” என்றார்.

அன்று மாலை ஆறு மணிக்கு, திங்கட்கிழமைக்காரர்கள் இருபத்தாறு பேருக்கு மெசேஜ் பறந்தது. ‘உங்கள் முறை புதன்கிழமை.’ ஞாயிறு மாலை, செவ்வாய்க்கிழமைக்காரர்கள் இருபது பேருக்கும் போயிற்று. ‘உங்கள் முறை வியாழக்கிழமை.’

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி வைத்தியசாலைக்குள் நுழைந்தார். இஸ்திரிப் பலகை அரசாங்க உபயோகத்தில் இருந்ததால், கட்டிலில் விரித்துத் தேய்த்த சட்டை. கொடியிலிருந்து எடுத்தபோது காலரிலேயே மறந்துபோன ஒரு பச்சை கிளிப். வெற்றியை நேரில் பார்க்க வந்தவர், பன்னிரண்டு நாற்காலிகளையும் வரிசையாகப் பார்த்தார். பதினொன்று காலி. ஒன்றில், செல்போனே வைத்துக்கொள்ளாததால் நோட்டில் மட்டும் பேர் ஏறியிருந்த ஒரு பெரியவர் மடியில் கூண்டோடு உட்கார்ந்திருந்தார். கூண்டில் கிளி. அது மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்து ஒரு தடவை கத்தியது.

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். “தம்பி, இன்னிக்கு எத்தனை பேரு?”

“இருபத்தாறு பேரு டாக்டர்.”

“எங்க?”

நோட்டம்மா போனைக் கீழே வைத்தார். “பெரிய நாய்க்காரருக்குப் போட்டேன் டாக்டர். ‘புதன்கிழமைதானே வரச் சொல்லியிருக்கீங்க’ங்கறார்.”

“புதன்கிழமையா? ஆபரேஷன் நாள்லயா?” டாக்டரம்மா மேஸ்திரி பக்கம் திரும்பினார். “எட்டு உசுரு உள்ள மயக்கத்துல கிடக்கும் தம்பி. வாசல்ல இருபத்தாறும் வந்து நின்னு குரைச்சா நான் எத தைக்கறது, யார விரட்டறது?”

“டாக்டர், ஒரு சின்ன...”

“சின்னதோ பெரிசோ. இன்னிக்குக்காரங்கள வெள்ளிக்கிழமைக்கு மாத்திடறேன். நாளைக்கு வர வேண்டியவங்க நாளைக்கே வரணும். நாலு மணிக்குள்ள எல்லாருக்கும் சரியான கிழமை போய்ச் சேரணும். சேர்ந்தா உங்க புரோகிராம். சேரலேன்னா நோட்டு.”

“நானே எல்லாருக்கும் போன் பண்ணிடறேனே டாக்டர்?” என்றார் நோட்டம்மா, இரக்கத்தோடு.

“நீங்க போன் பண்றதா இருந்தா இவரு எதுக்கு?”

நோட்டம்மா இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்து, இல்லாத தூசியை ஊதினார்.

பத்தரை மணிக்கு மேஸ்திரி இஸ்திரி அறையில் நின்று ஐந்து பேரையும் ஒன்றாகக் கூட்டி வைத்துக் கர்ஜித்தார். “யாருடா கூடுதலா நாள சேத்தது? எடுங்கடா!”

உதவியாளர்களிடம் ஒரு நல்ல குணம். குற்றத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள். அவசரக்குடுக்கை தன் ஒரு நாளை எடுத்தான். ஆமாஞ்சாமி ‘அருமையான யோசனை’ என்று தன்னுடையதை எடுத்தான். சந்தேகப்பிராணியும் எடுத்தான். மூன்றும் போனதும் புரோகிராம் பழையபடி ஒரு நாளை விழுங்கியது. வெள்ளி என்று வர வேண்டிய இடத்தில் வியாழன்.

“அடப்பாவிங்களா! ஒரு நாள் குறையுதே. சேருங்கடா!”

மூவரும் சேர்த்தார்கள். ஞாயிறு வந்தது.

“எடுங்கடா!”

வியாழன்.

ஊஞ்சல் இப்படி மூன்று முறை போய் வந்தது. நான்காம் முறை போகும் முன், வியாழனில் நின்றபோது, பதினெட்டு வருட அனுபவம் மேஸ்திரியின் தோளைத் தட்டியது. எல்லாரிடமும் சொன்னால்தானே வம்பு? ஒருவனிடம் மட்டும் சொல்லலாம். சந்தேகப்பிராணியைத் தேர்ந்தெடுத்தார். சனிக்கிழமை விட்டுப்போன கேள்விகளையும் சேர்த்துக் கேட்டான் அவன். ‘ஒரு நாள் என்பது எப்போது தொடங்குகிறது? பிராணியின் உரிமையாளர் வெளியூரில் இருந்தால்?’ அவனை விட்டுக் கடுதாசியிடம் போனார். அவன், நாட்காட்டியையே அடியோடு புதிதாகக் கட்ட வேண்டும் என்று பத்தொன்பது பக்கத்தில் ஒரு திட்டம் கொடுத்தான். மௌனி யோசித்துக்கொண்டிருந்தான். அல்லது மாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு மனைவி பள்ளியிலிருந்து வந்தார். இஸ்திரிப் பலகைமேல் தலையைக் கவிழ்த்து நின்ற கணவரைப் பார்த்து, பையைக் கீழே வைத்தார்.

“என்னங்க ஆச்சு?”

மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். கூடின நாள், கிளி, நோட்டு, ஊஞ்சல். மனைவி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்தது மட்டும் தெரிந்தது.

“நான் கிளாஸ்ல ‘யாராவது கதவ சாத்துங்க’ன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஒண்ணு, யாரும் எந்திரிக்க மாட்டாங்க. இல்லேன்னா இருபத்துநாலு பேரும் எந்திரிச்சு ஓடிப்போய், யாரோ ஒருத்தன் விரல நசுக்கிட்டுத்தான் வருவாங்க. பேரு சொல்லித்தான் சொல்வேன்.”

“பேரு சொல்லியும் பாத்துட்டேன். அவன் கதவுன்னா என்னன்னு கேக்கறான்.”

“அந்த மாதிரி நாளும் உண்டு. அப்ப என்ன பண்ணுவேன் தெரியுமா?”

“என்ன பண்ணுவ?”

“நானே எந்திரிச்சுப் போய் சாத்திடுவேன்.”

மேஸ்திரி நிமிர்ந்தார். “அது எப்படி? இருபத்தொரு பேரு முன்னாடி சொன்ன சபதம்!”

“எப்ப?”

“கேக் வெட்டினப்ப.”

“அந்தக் கேக்கே நல்லா இல்ல,” என்று சொல்லிவிட்டு மனைவி கை கால் கழுவப் போனார்.

மணி மூன்று இருபது. மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஜன்னலோர நாற்காலியையும் மேலாளரின் பல்வரிசையையும் மனக்கண்ணில் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து, படித்துக்கொண்டிருந்த மகளிடமும் மனைவியிடமும் பொதுவாக அறிவித்தார். “கொஞ்ச நேரம் யாரும் உள்ள வராதீங்க. முக்கியமான மேல்பார்வை.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே, ஐந்து பேருக்கும் வேலை நிறுத்தம் சொல்லப்பட்டது. தலையணை உறை உருவப்பட்டது. கீபோர்டில் ஆறு மாதத் தூசி. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தான். பொத்தானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, திருடன் பூட்டைத் தொடுவதுபோல ஒரு விரலை வைத்தார்.

கூடத்தில் மகள் தலையைத் தூக்கினாள். “அம்மா, உள்ள டக்கு டக்குன்னு டைப் அடிக்கற சத்தம் கேக்குதும்மா.”

“இல்லடி கண்ணு. மேல்பார்வை கொஞ்சம் பலமா நடக்குது. நீ படி.”

மணி மூன்று நாற்பத்தொன்று. தேதியை எடுக்கும் இடத்தில், ஒரே ஓரிடத்தில், ஒன்று கூட்டப்பட்டது. கடுதாசி மாற்றி வைத்த சோதனையைப் பழையபடி திருப்பிப் போட வாயாலேயே உத்தரவு கொடுத்தார். அவ்வளவு தூரம் சபதத்தைக் காப்பாற்றினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வெள்ளி வர வேண்டிய இடத்தில் வெள்ளி வந்தது. செவ்வாய் செவ்வாயாகவே நின்றது. மூன்று ஐம்பதுக்கு நாற்பத்தாறு மெசேஜ்கள் புறப்பட்டன.

நாலு ஐந்துக்கு டாக்டரம்மா போன் செய்தார். பின்னணியில் ஒரு நாய் குரைத்தது. “தம்பி, எல்லாருக்கும் சரியாப் போயிருக்கு. பெரிய நாய்க்காரரு ‘வெள்ளிக்கிழமை வரேன்’னு பதிலும் போட்டுட்டாரு. வெச்சுக்கறோம். இந்த மாதிரி இன்னொரு தடவை பண்ணிடாதீங்க.”

“மாட்டேன் டாக்டர். நோட்டு?”

“இழுப்பறைல போயிடுச்சு. பூட்ட மாட்டேங்கறாங்க, அது அவங்க பாடு.”

கொஞ்ச நேரத்தில் பழைய அலுவலக நண்பர். “மேஸ்திரி! இந்த வாரத்தோட ஆறு மாசம் முடியுது. நாற்காலிய தொடச்சு வெக்கச் சொல்லட்டுமா?”

“வேணாம்ப்பா. வேற யாரையாவது உக்கார வெச்சுக்கச் சொல்லு. டாக்டரம்மா சரின்னுட்டாங்க.”

“அடி சக்க! அப்ப அஞ்சு பேரும் சேர்ந்து ஜெயிச்சுக் குடுத்துட்டாங்கன்னு சொல்லு. நீ ஒரு வரிகூட எழுதலையா?”

“சேச்சே. நான் எங்க எழுதறது? மேல்பார்வைதான்.”

போனை வைத்துவிட்டு மேஸ்திரி திரைக்குத் திரும்பினார். புரோகிராமில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கணினி ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை அவசரக்குடுக்கை, ஆமாஞ்சாமி, கடுதாசி, சந்தேகப்பிராணி, ஆயிரக்கணக்கில். அபூர்வமாக ஒரு மௌனி. எல்லாவற்றுக்கும் மேலே, மணி மூன்று நாற்பத்தொன்று, ஒரே ஒரு வரி. அதற்கு நேராக மேஸ்திரியின் சொந்தப் பெயர், முதலெழுத்தோடு. மின்சார பில்லுக்கு அடுத்தபடியாக அது உயிரோடிருந்த இன்னோர் இடம் இதுதான். தெருவில் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கதவைத் தட்டி, ஐந்து கிளிப்புகளையும் நீட்டினார். “உங்க நிர்வாகம். காஞ்சிடுச்சு.”

கிளிப்புகளை வாங்கித் திரையின் விளிம்பில் ஒவ்வொன்றாக மாட்டினார். காலரில் மறந்திருந்த பச்சையையும் சேர்த்து ஆறு வந்தது. ஆறாவது யாருடையது என்று யோசித்துவிட்டு, அதைக் காலரிலேயே திருப்பி மாட்டிக்கொண்டார். ஐந்து பேரையும் எழுப்பலாம். ஆனால் எழுந்தவுடன் யாராவது ஒருவன் அந்த வரியைப் பார்த்து, உதவி செய்யும் ஆசையில் கை வைக்க மாட்டான் என்பது என்ன நிச்சயம்?

கதவை ஒருமுறை திறந்து, மறுபடி தானே சாத்தினார். கீபோர்டை அருகில் இழுத்து, அந்த வரிக்கு மேலே இன்னொரு வரியையும் தன் கையாலேயே, இந்த முறை பத்து விரலாலும், அடித்தார்:

‘இதைத் திருத்தியாகிவிட்டது. யாரும் மறுபடி திருத்த வேண்டாம்.’